வற்றிய கண்மாயின் வருமானம்

திருச்சுழி, நரிக்குடி, அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கண்மாய்களைப் பற்றிப் பேச்செடுத்தால் ஒரு கதை தவறாமல் வந்துவிடும். முன்னொரு காலத்தில் ஊரே மண்வெட்டியும் கூடையுமாகக் கண்மாயில் இறங்கியது. வெள்ளைக்காரன் வந்து ஊர் ஒற்றுமையைக் குலைத்தான். அன்றோடு குடிமராமத்து போயிற்று. மேடையில் சொல்ல ஏற்ற கதைதான், அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. ஆனால் பல நூற்றாண்டு நீடித்த ஒரு வழக்கத்துக்கு அந்தக் காலத்து மனிதர்களின் நல்ல மனமே காரணம் என்று சொல்லி முடித்துக்கொண்டால், அதே ஊர்க்காரர்களின் பேரப்பிள்ளைகள் ஏன் கண்மாய்க்குள் இறங்கவில்லை என்ற கேள்விக்கு மனம் கெட்டுப்போயிற்று என்பதைத் தவிர வேறு பதில் இருக்காது. எனக்குப் படுவது வேறு. கண்மாய் நிறைந்திருந்த நாலைந்து மாதங்களுக்காக மட்டும் யாரும் அதைப் பேணவில்லை. அது வற்றிக் கிடந்த மாதங்களிலும் வண்டல், மீன், புல், விறகு என்று ஏதோ ஒன்றைத் தந்துகொண்டே இருந்தது. அந்த வரும்படிதான் பராமரிப்புக்குக் கூலி. அது ஒவ்வொன்றாகக் கைமாறிப் போனபோது, கூலியில்லாத வேலையை ஊர் கைவிட்டது.

முதலில் இந்தச் சீமையின் பருவக் கணக்கைப் பார்த்துவிடுவது நல்லது. ஆண்டுக்கு ஏறக்குறைய 800 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்று கொண்டுவருவது. அதுவும் மாதக்கணக்கில் தூறாமல் சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிடும். ஆண்டிப்பட்டி மலைப்பக்கம் தொடங்கித் திருச்சுழியைத் தொட்டுக்கொண்டு கமுதி வழியாக மன்னார் வளைகுடாவுக்குப் போகும் குண்டாற்றில், அந்த மழையை ஒட்டிச் சில நாட்கள் வெள்ளம் போகும். மற்ற நாளெல்லாம் மணல். அந்தச் சில நாள் நீரை வரத்துக்கால் வழியாக இழுத்து, ஒரு கண்மாய் நிறைந்தால் கலுங்கு வழியே அடுத்த கண்மாய்க்கு மறுகால் பாயும்படி, சரிவை அனுசரித்துச் சங்கிலியாகக் கரை கட்டி வைத்திருக்கிறார்கள். மண் பெரும்பகுதி கரிசல், இடையிடையே செவல். கரிசலுக்கு ஒரு குணம் உண்டு. ஈரம் பட்டால் ஊதி, ஒட்டி, நீரை இறங்கவிடாது. கோடையில் சுருங்கிக் கை நுழையும் அளவுக்கு வெடித்துவிடும். குளத்தின் அடித்தளத்துக்கு இதைவிடத் தோதான மண் கிடையாது. கரைக்கோ இதைவிட ஆபத்தான மண் கிடையாது. பங்குனி முதல் ஆவணி வரை வெயிலில் வெடித்துக் கிடந்த கரையின் விரிசலுக்குள் ஐப்பசியின் முதல் வெள்ளம் புகுந்தால், அது அரித்துக்கொண்டே போய்க் கரையை உடைத்துவிடும். ஆக, குளிர்காலத்தில் கரை நிற்குமா என்பது கோடையில் அதற்கு மண் போட்டார்களா என்பதைப் பொறுத்தது.

குளிர்காலத்து வேலைகளும் சாதாரணமானவை அல்ல. ஐப்பசி, கார்த்திகை இரவுகளில் கரைக்காவல். நண்டுப் பொந்தோ எலி வளையோ கசிந்தால் வைக்கோலும் களிமண்ணும் வைத்து அடைப்பது. மேல் கண்மாய்க்காரர்கள் வரத்துக்காலை மறித்துவிடாமல் ஆள் போட்டுப் பார்ப்பது. மார்கழி பிறந்து வெள்ள பயம் தணிந்ததும் கலுங்கின் மேல் நட்டிருக்கும் கற்களுக்கு இடையே மண்ணும் தழையும் வைத்து அடைத்து, இன்னும் ஓர் அடி நீரைத் தேக்கப் பார்ப்பார்கள். எப்போது அடைப்பது என்பதில்தான் சண்டை வரும். அடைத்தால் உள்வாய்ப் பட்டாக்காரரின் பயிர் மூழ்கும், அடைக்காவிட்டால் கடைமடைக்காரருக்குத் தை மாதத் தண்ணீர் எட்டாது. தையிலும் மாசியிலும் முறை வைத்துப் பாய்ச்ச நீர்ப்பாய்ச்சியும் மடைக்குடும்பனும் வேண்டும்; நீருக்குள் மூழ்கி மடையைத் திறக்கும் வேலை உயிரோடு விளையாடுவது. நீர்மட்டத்தின் மேல் கண் வைத்திருப்பது இந்த ஊர்களில் பிள்ளைகளுக்கும் பழக்கம். ரமண மகரிஷி 1879இல் பிறந்தது திருச்சுழியில். மாசி உற்சவத்தை ஒட்டிக் கோயில் குளத்தில் நீர் நாளுக்கொரு படியாக ஏறும் என்றும், சிறுவர்கள் கூடிப் படிகளில் குறி வைத்து அதைப் பார்ப்பது பெரிய வேடிக்கை என்றும் அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

ஆனாலும் கண்மாயின் ஆயுளைத் தீர்மானித்தது பங்குனிக்குப் பிந்தைய காலம். ஒவ்வொரு வெள்ளமும் மேட்டு நிலத்தின் மேல்மண்ணைக் கரைத்துக் கொண்டுவந்து கண்மாய்க்குள் விட்டுவிட்டுப் போகும். எடுக்காமல் விட்டால் சில தலைமுறைகளில் கண்மாய் வெறும் தட்டாகிவிடும். அந்த மண்ணை யார் எடுப்பது? இங்கேதான் பழைய ஏற்பாட்டின் சூட்சுமம் இருக்கிறது. வண்டல் குப்பையாக எண்ணப்படவில்லை, எருவாக எண்ணப்பட்டது. நுண்ணிய களிமண்ணும், மக்கிய தழையும், கண்மாய்க்குள் மேய்ந்த ஆடுமாடுகளின் சாணமும் சேர்ந்த கரம்பை, செவல் புஞ்சைக்குப் போனால் ஈரத்தைப் பிடித்து வைக்கும். பருத்திக்கும் மிளகாய்க்கும் ஓரிரு மழை குறைந்தாலும் பயிர் தாங்கும். எனவே சித்திரை, வைகாசியில் கண்மாய்க்குள் மாட்டுவண்டிகள் இறங்கியது ஊர்ச் சேவைக்காக அல்ல. அவரவர் நிலத்துக்கு மண் வேண்டும், ஆடி உழவுக்கு முன் கொட்டிப் பரப்பியாக வேண்டும். வண்டிக்காரன் தன் தேவைக்கு மண் அள்ளினான், கண்மாய் தானாக ஆழமானது. அப்படி அள்ளும்போது கரைக்கும் நாலு வண்டி போட்டுவிட்டுப் போ என்று கேட்பது ஊருக்கு எளிது. வீட்டுச் சுவர் பூசவும், தலை தேய்த்துக் குளிக்கவும் கூடக் கரம்பையைத் தேடி வந்தார்கள் என்பது உபரிச் செய்தி.

வண்டல் மட்டும் இல்லை. நீர் முழங்காலளவுக்கு இறங்கியதும் நாள் குறித்து, தண்டோரா போட்டு, ஊத்தாவும் கச்சாவுமாக ஊர் முழுக்க இறங்கி மீன் பிடிக்கும் அழிகண்மாய் உண்டு. மதுரை, சிவகங்கைப் பக்கங்களில் இன்றும் அதைத் திருவிழாவாகவே நடத்துகிறார்கள். அந்தத் திருவிழாவின் மறுபக்கத்தைக் கவனிக்க வேண்டும். நூற்றுக்கணக்கான கால்கள் ஒரே நாளில் சேற்றைக் கலக்குகின்றன. மடைவாயில் அடைத்திருக்கும் பாசியும் வேரும் வலையோடு வெளியே வருகின்றன. யார் மடை தூர்ந்திருக்கிறது, எங்கே பள்ளம் தட்டுப்பட்டது என்பது அன்று எல்லார் காலுக்கும் தெரிந்துவிடுகிறது. பிறகு உள்வாயில் கோரையும் புல்லும் முளைக்கும், ஆடுமாடு மேயும். நாட்டுக் கருவேல மரங்கள் கலப்பைக்கும் வண்டிக்கும் விறகுக்கும் ஆகும். அவற்றின் நெற்று ஆட்டுக்குத் தீவனம். ஈரம் காயாத பள்ளத்தில் வெள்ளரியோ கீரையோ போட்டு எடுப்பவர்களும் உண்டு. வற்றிய கண்மாய் என்பது வேலையில்லாமல் கிடக்கும் கண்மாய் அல்ல.

குளிர்நாடுகளில் வீட்டோடு நீச்சல் குளம் வைத்திருப்பவர்களின் நிலையோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். பனி உறையும் மாதங்களில் அவர்கள் குளத்து நீரைக் குழாய் மட்டத்துக்குக் கீழே இறக்கி, குழாய்களில் தங்கிய நீரை ஊதி வெளியேற்றி, பாசி பிடிக்காமல் மருந்து போட்டு, மேலே விரிப்பு போர்த்தி மூடிவைப்பார்கள். பயன்படாத காலத்தில் கவனிக்காவிட்டால் பயன்படும் காலத்தில் குளம் இருக்காது என்ற விதி அங்கும் இங்கும் ஒன்றே. வேறுபாடு பணத்தில் இருக்கிறது. அந்தக் குளத்தின் ஓய்வுக்காலம் வீட்டுக்காரருக்கு முழுச் செலவு. அதனால் காசுள்ளவர் மட்டுமே வைத்துக்கொள்கிறார், அவரும் வேலையை ஒரு கம்பெனிக்குக் கூலி கொடுத்து விட்டுவிடுகிறார். கண்மாயின் ஓய்வுக்காலம் வரவு தந்தது. அதனால்தான் ஏழை ஊர்களாலும் அதை வைத்துக்கொள்ள முடிந்தது.

இது என் ஊகம் மட்டும்தானா என்றால், பழைய ஆவணங்களும் இதே திசையைத்தான் காட்டுகின்றன. ஏரிகளைப் பற்றிப் பேசும் சோழ, பாண்டிய காலக் கல்வெட்டுகளில் ஊரார் அன்போடு உழைத்தார்கள் என்ற பேச்சைக் காணமுடியாது; காணக் கிடைப்பது ஒதுக்கீடு. இன்ன நிலம் ஏரிப்பட்டி, அதன் விளைவு ஏரிக்கு. இன்ன தண்டம் வந்தால் அது ஏரிக்கு. 10ஆம் நூற்றாண்டு உத்திரமேரூரில் ஏரி வாரியம் என்று ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்பட்ட குழுவே இருந்தது; ஏரியில் தூர் வாருவதற்கென்று தனியே அறக்கொடைகள் அதனிடம் ஒப்படைக்கப்பட்டன. நம் சீமைக்குப் பக்கத்திலேயே சாத்தூர் வட்டாரத்து எருக்கங்குடிக் கல்வெட்டு இருக்கிறது. பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், 9ஆம் நூற்றாண்டில், இருப்பைக்குடி கிழவன் எட்டிச்சாத்தன் ஏரிகள் அமைத்த திருப்பணியைப் புகழ்கிறது அது. வெட்டியவன் பெயர் கல்லில் நிற்கும், ஆண்டுதோறும் தூர் எடுத்தவன் பெயர் நிற்காது. ஆகவே வெட்டுவதற்குப் புகழ் கூலியாயிற்று, பேணுவதற்கு நெல்லோ நிலமோதான் தர வேண்டியிருந்தது. பிற்காலத்தில் களத்து மேட்டில் நெல் குவிந்ததும், குடிக்கும் ஜமீனுக்கும் பங்கு பிரியும் முன்பே, பொதுக் குவியலிலிருந்து நீர்ப்பாய்ச்சிக்கும் தலையாரிக்கும் மற்ற ஊர் ஊழியருக்கும் மேரை அளந்து கொடுத்ததும் இதே கணக்கின் தொடர்ச்சி.

அப்படியானால் ராஜாவும் ஜமீனும் செய்ததைக் குடிகள் தலையில் ஏற்றிச் சொல்கிறாயே என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. குடிமராமத்து என்பது எந்தக் காலத்திலும் முழு மராமத்து ஆனதில்லை. கரையில் மழை அரித்த குழியை அடைப்பது, மடைவாய் தூர் எடுப்பது, கரைப் புதர் வெட்டுவது, வாய்க்கால் சுத்தம் செய்வது ஆகிய சில்லறை வேலைகளே குடிகளுடையவை. கலுங்கு கட்டுவதும் உடைந்த கரையை எழுப்புவதும் மேல்வாரம் வாங்குபவர் பொறுப்பு. டேவிட் மோஸ் 2003இல் எழுதிய ‘தி ரூல் ஆஃப் வாட்டர்’ என்ற நூல் இதை விரிவாகக் காட்டுகிறது. இராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளின் கண்மாய்களைத் தன்னாட்சிக் கிராமங்களின் சாதனையாகப் பார்ப்பதை அவர் ஏற்பதில்லை, அரச அதிகாரத்தோடும் மானியங்களோடும் பிணைந்தவை என்கிறார். எனக்கு அவரோடு சண்டை இல்லை. ஏனென்றால் ஜமீனையும் கட்டிவைத்தது வரும்படிதான். 1803இல் நிலையான பேஷ்குஷ், அதாவது கப்பம், விதிக்கப்பட்ட இராமநாதபுரம் ஜமீனில் திருச்சுழிச் சீமை அடங்கியிருந்தது. நஞ்சைக்கு வாரப்பத்து, அதாவது விளைந்த நெல்லில் பங்கு. கண்மாய் உடைந்தால் குடிக்கு மட்டும் நட்டம் இல்லை, சமஸ்தானத்தின் பத்தாயமும் காலி. பங்கு நெல் ரொக்கத் தீர்வையாக மாறத் தொடங்கியதும், 1908ஆம் ஆண்டு எஸ்டேட் நிலச் சட்டம் அப்படி மாற்றிக்கொள்ள வழி திறந்ததும், ஜமீனின் அக்கறை தளர்ந்ததற்குக் கண்மாய்களே சாட்சி. குத்தகைக்கு விட்ட ஊர்களில் நிலைமை இன்னும் மோசம். அஞ்சு வருஷக் குத்தகைக்காரன் அடுத்த தலைமுறைக்காகக் கலுங்கு கட்டமாட்டான்.

இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கூர்மையானது. வரும்படி, வரும்படி என்கிறாயே, மண் சுமந்தவனுக்கு என்ன கிடைத்தது? 1858இல் சென்னை மாகாணத்துக்கென்று ஒரு கட்டாய உழைப்புச் சட்டமே வந்தது. ஊர் வழக்கப்படி செய்யவேண்டிய நீர்ப்பாசன வேலைக்கு வராதவன், அந்த உழைப்பின் மதிப்பைப்போல் இருமடங்கு கட்ட வேண்டும் என்றது. ஆசையோடு வந்து செய்திருந்தால் இப்படி ஒரு சட்டம் எதற்கு? உண்மைதான். கண்மாயின் பலன் சமமாகப் பங்கிடப்பட்டதில்லை. நிலமுள்ள சாதிகள் வண்டலையும் நீரையும் எடுத்துக்கொள்ள, நிலமற்றவர்கள் கூடை சுமந்த ஊர்கள் ஏராளம். மடையில் மூழ்கியவன் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதிக்காரன். அவன் உயிருக்கு அளந்த மேரை சில மரக்கால் நெல். அந்த நுகத்தைக் கழற்றிப்போட்டுத் திருப்பூருக்கோ சென்னைக்கோ பிழைக்கப் போனவனிடம் போய் ‘வழக்கத்தைக் கைவிட்டாயே’ என்று கேட்க யாருக்கும் வாயில்லை. ஆனால் இந்த ஆட்சேபம் என் வாதத்தை முறிப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பலன் யாருக்கு இருந்ததோ அவர்கள் வேலையை நடத்திக்கொண்டார்கள், தாமே செய்தோ பிறரை அடக்கிச் செய்வித்தோ. பலன் அற்றுப்போனபோது அடக்கிச் செய்விக்கும் அக்கறையும் அவர்களிடம் அற்றுப்போயிற்று. 1858ஆம் ஆண்டுச் சட்டம் தண்டத்தை மட்டும் எழுதி வைத்தது, பலனுக்கு அதில் இடமில்லை. பழைய குடிமராமத்தைச் சட்டத்தின் மூலம் மீட்க முடியவில்லை என்று அதிகாரிகளே பல பத்தாண்டுகள் அலுத்துக்கொண்டதன் காரணம் இங்கே இருக்கிறது. தாது வருஷப் பஞ்சத்தின் அடி பட்ட பிறகு 1883இல் அரசு தானே ஏரிச் சீரமைப்புத் திட்டம் ஒன்றைத் தொடங்க வேண்டிவந்தது.

எல்லாவற்றிலும் கடினமான ஆட்சேபம் ஊருணி. ஊருணியில் பாசனம் இல்லை, மீன் ஏலம் பெரிதாக இல்லை, ஆடுமாட்டை அண்டவிடுவதே இல்லை. குளிக்கக்கூடாது, செருப்போடு இறங்கக்கூடாது, துணி துவைக்கக்கூடாது என்ற கட்டுப்பாடுகளோடு குடிநீருக்கென்றே வைத்திருந்தார்கள். கலங்கிய நீரைக் குடத்தில் எடுத்துவந்து உட்புறம் தேற்றாங்கொட்டை தேய்த்துத் தெளியவைத்துக் குடித்தார்கள். வரும்படி இல்லாத இதை ஏன் பேணினார்கள்? இதற்குப் பதில் இரண்டு வகையாகச் சொல்லலாம். ஊருணியின் வரும்படி சித்திரை மாதத்துத் தண்ணீரேதான். வற்றியபோது ஒரு முழம் ஆழப்படுத்தினால் அடுத்த ஆண்டு இன்னும் சில வாரம் கூடுதலாக நீர் நிற்கும். நிற்காவிட்டால் அந்தச் சில வாரங்களில்தான் பெண்கள் குண்டாற்று மணலில் ஊற்றுத் தோண்டிச் சிரட்டையால் மோந்து, குடம் நிறைய மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டிவரும். உழைப்புக்கும் பலனுக்கும் இடையே இவ்வளவு குறுகிய தூரம் கண்மாயில்கூட இல்லை. இரண்டாவது, ஊர்ப் பொதுக் கிணறு, குளம் போன்றவற்றுக்குப் பல இடங்களில் தனி வரவு இருந்தது. அருப்புக்கோட்டையும் பாலையம்பட்டியும், சிவகாசி, விருதுபட்டி, திருமங்கலம், சாத்தங்குடியோடு சேர்ந்து நாடார் வணிகத்தின் ஆறு ஊர்களாக 19ஆம் நூற்றாண்டில் வளர்ந்தவை. வண்டியேறிய ஒவ்வொரு பொதிக்கும் உறவின்முறை மகமை வசூலித்தது. பேட்டை, கோயில், கிணறு, பின்னால் பள்ளிக்கூடம் எல்லாம் அந்த மகமையில் நடந்தன. மற்ற சாதிகளின் கிணற்றிலும் ஊருணியிலும் நீர் எடுக்கத் தடை இருந்த காலத்தில் சொந்தக் கிணறு என்பது மானத்தோடு தண்ணீர் குடிக்கும் வழியும்கூட. வியாபாரம் நடக்கும்வரை வரவு நிற்காது, வரவு நிற்காதவரை தூர் வாரும் கூலிக்குத் தட்டு இல்லை. பின்னாளில் அருப்புக்கோட்டைக்கு வைகையிலிருந்தும் தாமிரபரணியிலிருந்தும் குழாயில் தண்ணீர் வந்தது. தெருவில் குழாய் வந்த ஊரில் ஊருணியின் சித்திரைப் பலன் ஒரே நாளில் பூஜ்ஜியமாயிற்று. பிறகு நடந்ததை ஊருணிக் கரையில் குவிந்த குப்பையே சொல்லும்.

கண்மாயின் வரும்படி அப்படி ஒரே நாளில் போகவில்லை. 1948ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்தோடு கண்மாய்கள் அரசுடைமையாயின. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ளவை பொதுப்பணித் துறைக்கு, மற்றவை ஊராட்சி ஒன்றியத்துக்கு என்று பிரிந்தன. ஜமீன் போனதற்காக யாரும் அழ வேண்டியதில்லை. ஆனால் களத்து மேட்டில் பொதுக் குவியல் என்று ஒன்று இல்லாமல் போனதும் மேரைக்கும் இடமில்லாமல் போயிற்று. நீர்ப்பாய்ச்சியின் கூலி ஒவ்வொரு வீடாகப் போய் வாங்கவேண்டிய கடனாயிற்று. மீன்பாசி ஏலம் அரசுக் கணக்குக்கோ பஞ்சாயத்துக் கணக்குக்கோ போனது. 1960களுக்குப் பிறகு மூட்டை மூட்டையாக யூரியா வந்தபோது, இருபது வண்டி கரம்பை அடிப்பதைவிட அது லேசாக இருந்தது; மாட்டுவண்டியும் குறைந்தது. அதன் பிறகும் வண்டல் வேண்டும் என்று கேட்டவர், கனிமச் சட்டப்படி அனுமதிச் சீட்டுக்கு அலுவலகம் ஏறி இறங்க வேண்டியிருந்தது. ஒரு காலத்தில் மண் எடுக்காதவனைத்தான் ஊர் குறை சொல்லும், இப்போது மண் எடுத்தவன் மேல் வழக்கு. 1981இல் சுவீடன் நாட்டு உதவியோடு தொடங்கிய சமூகக் காடு வளர்ப்புத் திட்டத்தில் கண்மாய் உள்வாய்களில் வரிசை வரிசையாக நாட்டுக் கருவேலம் நட்டார்கள். நல்லெண்ணத் திட்டம்தான். ஆனால் மரம் முற்றி வெட்டும்போது வருமானம் வனத்துறைக்கும் பஞ்சாயத்துக்கும். ஆயக்கட்டுக்காரருக்கு மிஞ்சியது வேரோடிய உள்வாயும் மேய்ச்சல் தடையும். 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தில் குடிமராமத்து என்ற சொல் இன்னும் இருக்கிறது. அதற்குக் கூலியாக இருந்தவை எல்லாம் வேறு வேறு இலாகாக்களின் தலைப்புகளில் சிதறிக் கிடக்கின்றன.

கிணறும் மோட்டாரும் வந்ததுதான் உண்மைக் காரணம் என்பார்கள். இலவச மின்சாரம் கிடைத்த பிறகு கண்மாயை யார் பார்ப்பார்கள் என்ற கேள்வி வேறு மாவட்டங்களுக்கு நன்றாகவே பொருந்தும். ஆனால் திருச்சுழி, நரிக்குடிப் பக்கம் பல ஊர்களில் நிலத்தடி நீர் உவர்ப்பு. போர் போட்டாலும் பயிருக்கு ஆகாத தண்ணீர். மோட்டாரால் பிழைக்க வழியில்லாத அந்த ஊர்களிலும் கண்மாய் தூர்ந்துதான் கிடக்கிறது. மழை குறைந்துவிட்டது என்பது இன்னொரு பதில். இந்தச் சீமைக்கு மழை எப்போதுமே ஏமாற்றுக்காரன்தான். ஏமாற்றும் மழைக்காகத்தான் கண்மாயே வெட்டினார்கள். பெருமழை கொட்டிய ஆண்டுகளிலும் வரத்துக்கால் தூர்ந்து நீர் வந்து சேராத கண்மாய்கள் இருக்கும்போது வானத்தின் மேல் பழி போடுவது சுலபமான வழி.

2017இல் தமிழ்நாடு அரசு குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே ஒரு திட்டத்தைத் தொடங்கியது. முதல் கட்டத்துக்கு 100 கோடி ரூபாய்; 1,519 பணிகள். ஆயக்கட்டுதாரர் சங்கங்கள் மதிப்பீட்டில் 10 சதவீதத்தை உழைப்பாகவோ பொருளாகவோ பணமாகவோ தர வேண்டும் என்பது நிபந்தனை. கரைகள் உயர்ந்தன, மடைகள் புதிதாயின, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அது ஒருமுறைச் செலவு, குடிமராமத்தோ ஆண்டுதோறும் செய்யும் காரியம். மூன்றாம் ஆண்டு மழை அரித்த குழியை அடைக்க எந்த வரவிலிருந்து கூலி என்ற இடத்தைத் திட்டம் தொடவில்லை. அதே 2017ஆம் ஆண்டின் வறட்சியில் விவசாயிகள் இலவசமாக வண்டல் எடுக்கலாம் என்று அரசு அனுமதித்தது. பிறகு 2024இல் வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி தரும்படி விதி தளர்ந்தது. என் கணக்கில் பல கோடி ரூபாய்த் திட்டத்தைவிட இந்தச் சிறு விதித்தளர்வுதான் பழைய வழக்கத்துக்கு அருகில் வருகிறது, வண்டல் உழவனின் நிலத்துக்குப் போகும்வரை. செங்கல் சூளைக்கும் மனை மேடேற்றவும் சவுடு தேடிப் போகும் லாரிக்கு அது வழி விட்டால், கண்மாய்க்குள் பத்தடிக் குழிகள்தான் மிஞ்சும். பொக்லைன் இயந்திரம் உழவனின் வண்டியைப் போல மேல்தோல் சுரண்டாது. ஓரிடத்தில் தோண்டினால் லாபம் என்று தோண்டும், அந்தக் குழியில் கிடக்கும் நீர் மடைமட்டத்துக்கு ஏறாது.

வற்றிய கண்மாயிலிருந்து இன்றும் வருமானம் வருகிறது என்பதுதான் இதில் வேடிக்கை. அது சீமைக் கருவேலத்தில் வருகிறது. திருச்சுழி, நரிக்குடி, கமுதி வட்டாரத்தில் எங்கே போனாலும் மூட்டம் புகைந்துகொண்டிருக்கும். வெட்டிய கருவேலங்கட்டைகளை அடுக்கி, மண்ணும் தழையும் மூடி, காற்றை அடக்கி நாள்கணக்கில் வேகவைத்து எடுக்கும் கரி, மூட்டை மூட்டையாக வெளியூர் போகிறது. நிலமற்ற குடும்பங்கள் பலவற்றுக்கு இதுவே ஆண்டு முழுவதும் கிடைக்கும் கூலி. 2017இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை இந்த மரங்களை அகற்ற உத்தரவிட்டபோது ஊர்களில் எழுந்த முணுமுணுப்பைச் சோம்பல் என்று ஒதுக்கிவிட முடியாது. ஆனால் இந்த வரும்படியின் போக்கு பழையதற்கு நேர் எதிர். வண்டலும் மீனும் கண்மாய் நிறைந்த ஆண்டுக்குப் பிறகுதான் அதிகம் கிடைத்தன; ஆகவே அவற்றை விரும்பியவன் கண்மாய் நிறைய வேண்டும் என்று விரும்பினான், அதற்காக வரத்துக்காலை வெட்டினான். சீமைக் கருவேலத்துக்கு நீர் வந்து சேர வேண்டிய தேவை இல்லை. வெட்டிய தூரிலிருந்து மறுபடி தழைத்துவிடும், சில ஆண்டுகளில் அடுத்த வெட்டு. உள்வாயில் நீர் நின்றால் மரம் வெட்டவும் முடியாது, மூட்டம் போடவும் முடியாது. ஏலம் எடுத்தவருக்கும், ஏலத்தொகை பெறும் பஞ்சாயத்துக்கும், கரி சுடும் கூலிக்காரருக்கும் தூர்ந்த வரத்துக்காலால் எந்த நட்டமும் இல்லை.